தினமும் செய்தே ஆகணுமா? – வீட்டு வேலை: வாசகர் கேள்வி பதில்

‘நேரமே போதவில்லை’ என்று வந்த கடிதங்களை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். எல்லாவற்றையும் படித்தபோது ஒன்று புரிந்தது. வேலை மலைபோல் இருப்பதால் மட்டும் நேரம் போய்விடுவதில்லை. ஒரே வேலையைத் தினமும் முதலிலிருந்து தொடங்கி, எடுத்து வைத்து, மறுநாள் மறுபடி தொடங்குவதில்தான் பெரும்பகுதி கரைகிறது. பதில்களை அந்தக் கோணத்தில்தான் எழுதியிருக்கிறோம்.

கேள்வி: காலை 5 மணிக்கு எழுந்தாலும் எட்டரை வரை அடுப்படியிலேயே நிற்கிறேன். இரண்டு பிள்ளைகளுக்கு டிபன், எல்லோருக்கும் மதியச் சாப்பாடு. 8.50 பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டியிருக்கிறது. நேரம் எங்கே போகிறது என்றே தெரியவில்லை. (வாசகி, திண்டுக்கல்)

பதில்: சாம்பாரை மட்டும் எடுத்துப் பாருங்கள். பருப்பு வேக 15 நிமிடம், கூட்டிக் கொதிக்க 10 நிமிடம். ஆனால் அந்த ஒரு குழம்புக்காக நீங்கள் நிற்பது முக்கால் மணி நேரம். மீதி நேரத்தைத் தின்பது சின்ன வெங்காயம் உரிப்பது, புளி கரைப்பது, தேங்காய் உடைத்துத் துருவுவது. இந்த மூன்றுக்கும் காலை 6 மணிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மணி நேரத்தில் மூன்றையும் முடித்துவிடலாம்.

முதலில் புளி. 250 கிராம் புளியில் கொட்டை, நார் எடுத்துவிட்டு, மூழ்கும் அளவு கொதிநீர் ஊற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். கையால் நன்றாகப் பிசைந்து வடிகட்டி, சக்கையில் அரை டம்ளர் வெந்நீர் விட்டு மறுபடி ஒரு முறை பிழியுங்கள். அடி கனமான எவர்சில்வர் பாத்திரத்தில் ஊற்றி, 2 டீஸ்பூன் உப்பு, அரை டீஸ்பூன் மஞ்சள்தூள், 2 டேபிள்ஸ்பூன் நல்லெண்ணெய் சேர்த்து நடுத்தரத் தீயில் ஜாம் பதத்துக்கு வரும்வரை கிளறுங்கள். அலுமினியப் பாத்திரமோ இரும்புச் சட்டியோ வேண்டாம். புளியின் அமிலம் உலோகத்தை அரித்து நிறமும் சுவையும் கெட்டுவிடும். கெட்டியாகும்போது தெறிக்கும் என்பதால் தட்டைப் பாதி மூடிவைத்துக் கிளறுவது நல்லது.

எவ்வளவு போடுவது என்ற குழப்பத்தில்தான் பலர் இதைக் கைவிடுகிறார்கள். எலுமிச்சை அளவுப் புளி என்பது சுமார் 25 கிராம். அப்படியென்றால் 250 கிராம் புளி பத்துக் குழம்புக்கு வரும். ஆறிய விழுதைப் பாட்டிலில் போடும்போது ஸ்பூனால் எண்ணிக்கொண்டே போடுங்கள். மொத்தம் 20 ஸ்பூன் வந்தால் ஒரு குழம்புக்கு 2 ஸ்பூன். அந்த எண்ணைப் பாட்டில் மேல் எழுதி ஒட்டிவிட்டால் யார் சமைத்தாலும் அளவு தப்பாது. கண்ணாடி பாட்டிலில், ஃப்ரிட்ஜில் ஒரு மாதம் தாராளமாக இருக்கும். பூசணம் பிடிக்க இரண்டே காரணங்கள்தான்: ஈரக் கரண்டி, அல்லது சூட்டோடு மூடியதால் மூடியில் வியர்த்து உள்ளே சொட்டிய தண்ணீர்.

சின்ன வெங்காயத்தை 15 நிமிடம் தண்ணீரில் போட்டுவிட்டு இரு முனையையும் நறுக்கினால் தோல் வழுக்கிக்கொண்டு வரும். உரித்ததைத் துணியில் பரப்பி ஈரம் போகக் காயவிட்டு, அடியில் காகிதம் போட்ட டப்பாவில் வையுங்கள். ஐந்து நாள் நன்றாக இருக்கும். ஈரத்தோடு மூடினால் மூன்றாம் நாளே கொழகொழத்துவிடும். உரித்து மட்டும் வையுங்கள், நறுக்கி வைக்க வேண்டாம். ஃப்ரிட்ஜில் இருக்கும் பாலுக்கும் அந்த வாசனை ஏறிவிடும்.

தேங்காயைத் துருவவே வேண்டியதில்லை. உடைத்த மூடிகளைச் சிரட்டையோடு சனிக்கிழமை இரவே ஃப்ரீசரில் வைத்து, மறுநாள் வெளியே எடுத்து அரை மணி கழித்து ஓரத்தில் கத்தி முனையால் நெம்பினால், முழு மூடியும் ‘டப்’பென்று கழன்று கையில் வந்துவிடும். துண்டு போட்டு, தண்ணீர் விடாமல் மிக்சியில் விட்டு விட்டு இரண்டு சுற்று சுற்றினால் பூப்போல் இருக்கும். அதை ஜிப் கவரில் அரை அங்குல உயரத்துக்குத் தட்டையாகப் பரப்பி, கவரின் மேலேயே கத்தியின் முதுகால் கடலைமிட்டாய்க்குப் போடுவதுபோல் கோடு போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். தேவைப்படும்போது ஒரு கட்டத்தை உடைத்தால் போதும். மொத்தமாக உருட்டி வைத்தால் கல்லாகிவிடும், பிறகு பத்து நிமிடம் தட்டிக்கொண்டிருக்க வேண்டும். சட்னிக்கு அரைக்கும்போது வெதுவெதுப்பான தண்ணீர் விடுங்கள். குளிர்ந்த தேங்காயில் பச்சைத் தண்ணீர் விட்டால் எண்ணெய்ச் சத்து கட்டிகட்டியாகத் திரிந்து நிற்கும்.

அடுத்தது வரிசை. எழுந்ததும் முதல் வேலையாகத் துவரம்பருப்பையும் அரிசியையும் களைந்து ஊறப்போட்டுவிட்டுப் பல் துலக்கப் போங்கள். ஊறிய பருப்பு சீக்கிரம் வேகும். திரும்பி வந்ததும் இரண்டையும் ஒரே குக்கரில் அடுக்கில் ஏற்றிவிடுங்கள். முதல் விசிலுக்குப் பிறகு தீயைக் குறைத்து 7 நிமிடம் போதும். குக்கர் தானாக அடங்கப் பத்து நிமிடம் ஆகும், அந்தப் பத்து நிமிடம்தான் காய் நறுக்கும் நேரம். பலர் காயை நறுக்கி முடித்துவிட்டுக் குக்கரை ஏற்றுகிறார்கள். அப்புறம் விசிலுக்காகக் கைகட்டி நிற்க வேண்டியதாகிறது.

கேள்வி: வாரம் மூன்று முறை இட்லி மாவு அரைக்கிறோம். மொத்தமாக அரைத்தால் மூன்றாம் நாளே புளித்துவிடுகிறது. கடை மாவு பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை. (வாசகர், அம்பத்தூர்)

பதில்: கிரைண்டரைக் கழுவி, கல்லைத் தூக்கி வைத்து, மேடையைத் துடைக்கும் வேலை எவ்வளவு மாவு அரைத்தாலும் ஒன்றுதான். அதனால் வாரம் ஒரு முறை என்பதே சரி. புளிப்புக்கான காரணம் வேறு. மாவைப் புளிக்க வைக்கும் நுண்ணுயிர்கள் ஃப்ரிட்ஜுக்குள்ளும் மெதுவாக வேலை செய்துகொண்டேதான் இருக்கும். ஒரே பெரிய தூக்கில் வைத்து, தினமும் வெளியே எடுத்து, ஊற்றி முடிக்கும்வரை மேடையில் விட்டு, மறுபடி உள்ளே வைத்தால், ஒவ்வொரு முறையும் மாவுக்குச் சூடேறிப் புளிப்பு வேகமெடுக்கிறது.

4 டம்ளர் இட்லி அரிசி, 1 டம்ளர் முழு வெள்ளை உளுந்து, 1 டீஸ்பூன் வெந்தயம். அரிசி 4 மணி நேரம் ஊறட்டும். உளுந்துக்கு ஒரு மணி நேரம் போதும், அதற்கு மேல் ஊறினால் மாவு காணாது. உளுந்தை ஃப்ரிட்ஜ் தண்ணீர் தெளித்துத் தெளித்து 25 முதல் 30 நிமிடம் அரையுங்கள். ஒரு சொட்டு மாவைத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டால் மிதக்க வேண்டும். அதுதான் பதம். அரிசியைச் சன்ன ரவைப் பதத்தில் எடுத்துவிடலாம்.

அரைத்து முடித்ததும் மாவை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதியில் உப்புப் போட்டுக் கையால் கலந்து புளிக்க வையுங்கள். மறு பாதியை உப்பே போடாமல், புளிக்க விடாமல், அப்போதே ஃப்ரிட்ஜின் உள்பக்கத்தில் வைத்துவிடுங்கள், கதவுப் பக்கம் வேண்டாம். முதல் பாதி தீரும் நாளுக்கு முந்தைய மாலை அதை எடுத்து, சில்லிப்பு போனதும் உப்புப் போட்டு வெளியே வைத்தால் மறுநாள் காலை புது மாவுதான். குளிர்ந்த மாவு என்பதால் வழக்கத்தைவிட இரண்டு மூன்று மணி நேரம் கூடுதலாக எடுக்கும். புளித்த மாவைக் கரண்டி போட்டுக் கலக்காமல், ஒரு வேளைக்கு ஒரு டப்பா என்று பிரித்து வைத்தால் அன்றைய டப்பாவை மட்டும் எடுக்கலாம்.

இன்னொன்று. மே மாதம் சென்னை வெயிலுக்கு 5, 6 மணி நேரத்திலேயே மாவு பொங்கிவிடும். இரவு முழுக்க வெளியே விடுவது மார்கழிக்குத்தான் சரி. கோடையில் இரவு 10 மணிக்கு அரைத்துவிட்டுப் படுத்தால், காலையில் மாவு தரையில் ஓடும். அதைத் துடைக்கிற வேலையும் நம் தலையில்தான்.

கேள்வி: துணி துவைப்பதைவிட இஸ்திரி போடுவதுதான் பெரும்பாடாக இருக்கிறது. (வாசகி, திருப்பூர்)

பதில்: சுருக்கம் விழுவது பெரும்பாலும் மெஷினில்தான். டிரம்மில் முக்கால் பங்குக்கு மேல் துணி திணித்தால் புரள இடமில்லாமல் முறுக்கிக்கொள்ளும். பிழிந்து முடிந்த பிறகு ஒரு மணி நேரம் உள்ளேயே கிடந்தால் அந்த மடிப்பு அப்படியே படிந்துவிடும். மெஷின் நின்றதும் எடுத்து, தோளைப் பிடித்து இரண்டு உதறு உதறி, சட்டைகளை ஹேங்கரிலேயே மாட்டி மேல் பட்டனைப் போட்டு நிழலில் காயவிடுங்கள். காய்ந்ததும் அதே ஹேங்கரோடு பீரோவுக்குப் போய்விடும், மடிக்கும் வேலையும் மிச்சம்.

பனியன் துணி, துண்டு, நைட்டி, படுக்கை விரிப்பு, உள்ளாடை இவற்றுக்கு இஸ்திரி தேவையே இல்லை. பனியன் துணியைப் பற்றித் திருப்பூருக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை! பள்ளிச் சீருடையும் அலுவலகச் சட்டையும் மட்டும் இஸ்திரிக்கு. சோப்புத்தூள் அளவும் முக்கியம். நுரை நிறைய வந்தால்தான் அழுக்குப் போகும் என்று இரண்டு கரண்டி கூடப் போட்டால், அலசி முடியாமல் துணி விறைத்துக் காயும். காலர், கைப்பட்டியில் மட்டும் சோப்புக் கட்டியைத் தேய்த்துப் போட்டால் தூள் குறைவாகவே செலவாகும்.

கேள்வி: கரண்ட் பில், போன் பில், சொத்து வரி என்று மாதம் முழுக்க ஏதோ ஒன்றைக் கட்டிக்கொண்டே இருக்கிறேன். மறந்து அபராதமும் கட்டியிருக்கிறேன். தானாகப் பணம் போகும் வசதியை நம்பலாமா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்)

பதில்: நம்பலாம் சார், இரண்டு விஷயங்களைச் சரியாக வைத்துக்கொண்டால். முதலாவது உச்சவரம்பு. நீங்கள் அனுமதித்த தொகைக்கு மேல் பில் வந்தால் பணம் எடுக்கப்படாது, பில் கட்டாமலே நின்றுவிடும். நம் ஊரில் மின் கணக்கீடு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. கோடையில் ஏ.சி. ஓடினால் தொகை எகிறும். கார்த்திகை, மார்கழி பில்லைப் பார்த்து வரம்பு வைத்தவர்களுக்குத்தான் மே மாதம் சிக்கல் வருகிறது. சென்ற கோடையின் மிக அதிகமான பில்லை எடுத்து அதற்கு மேல் 1,000 ரூபாய் கூட்டி வையுங்கள். இரண்டாவது, வங்கிக் கணக்கு. சேமிப்பு முழுதும் இருக்கும் கணக்கை இணைக்காமல், பில்களுக்கென்று ஒரு சிறு கணக்கு வைத்து அதில் மூன்று மாதச் செலவுக்கான பணத்தைப் போட்டு வையுங்கள்.

ரிசர்வ் வங்கி விதிப்படி, இப்படித் தானாகப் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே உங்களுக்குத் தகவல் வந்தாக வேண்டும். 15,000 ரூபாய் வரையிலான வழக்கமான பில்களுக்கு ஒவ்வொரு முறையும் ஓடிபி தேவையில்லை. தொகை தவறாகத் தெரிந்தால் அந்த ஒரு நாளுக்குள் நிறுத்திவிடலாம்.

இதில் இன்னொரு பெரிய நன்மையும் உண்டு. ‘இன்று இரவு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும், இந்த எண்ணுக்குப் பேசவும்’ என்று வரும் மோசடிக் குறுஞ்செய்தியைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. பில் தானாகப் போய்விட்டது என்பது உங்களுக்கே தெரியும். அந்த எண்ணை அழைக்கவே அழைக்காதீர்கள்.

சொத்து வரியைத் தானாகப் போகும்படி விடாமல், நாளைக் குறித்து நீங்களே கட்டுவது மேல். அரையாண்டின் முதல் மாதமான ஏப்ரலிலும் அக்டோபரிலும் கட்டிவிட்டால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை ஊக்கத்தொகை கழித்துக்கொள்கிறார்கள். காலண்டரில் அந்த இரண்டு மாதங்களின் 10-ஆம் தேதியைச் சுழித்து வையுங்கள்.

கேள்வி: மணி பார்க்கத்தான் போனை எடுக்கிறேன். வைக்கும்போது முக்கால் மணி நேரம் போயிருக்கிறது. பள்ளிக் குரூப் இருப்பதால் வாட்ஸ்அப்பை எடுக்கவும் முடியவில்லை. (வாசகி, நாகர்கோவில்)

பதில்: மணி பார்க்க ஒரு சுவர்க் கடிகாரம், எழுந்திருக்க ஓர் அலாரம் கடிகாரம். முதலில் இந்த இரண்டையும் வாங்குங்கள். போனை எடுக்கும் காரணங்களைக் குறைக்காமல், எடுத்த பிறகு மனதைக் கட்டுப்படுத்துவது மிகக் கடினம்.

வாட்ஸ்அப்பில் பள்ளிக் குரூப், வீட்டு ஆட்கள், அலுவலகம் தவிர மற்ற எல்லாக் குரூப்பையும் ‘எப்போதும்’ என்று மியூட் செய்து ஆர்கைவுக்கு அனுப்பிவிடுங்கள். குரூப்பை விட்டு வெளியேறினால் உறவில் மனஸ்தாபம் வரும், ஆர்கைவ் செய்தால் யாருக்கும் தெரியாது. அமைப்புகளில் சேமிப்பு, டேட்டா பகுதிக்குப் போய், படங்களும் வீடியோக்களும் தானாக இறங்குவதை நிறுத்துங்கள். காலை வணக்கப் படங்களை அழித்துக்கொண்டிருக்கும் வேலை அதோடு தீர்ந்தது. பிறகு போனின் நோட்டிஃபிகேஷன் பட்டியலைத் திறந்து, அழைப்பு, குறுஞ்செய்தி, வாட்ஸ்அப் மூன்றைத் தவிர எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். கடை ஆப்களின் ‘தள்ளுபடி’ மணிதான் பலரைக் கையில் போனோடு உட்கார வைக்கிறது.

கடன், கிரெடிட் கார்டு என்று வரும் விளம்பர அழைப்புகள் வேண்டாம் என்று 1909 என்ற எண்ணை அழைத்துப் பதிவு செய்யுங்கள். 140 என்று தொடங்கும் எண்கள் விளம்பர அழைப்புகளுக்கென்றே ஒதுக்கப்பட்டவை, எடுக்காமல் விட்டால் உங்களுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை.

கேள்வி: போர் தண்ணீரால் பாத்ரூம் டைல்ஸ், குழாய் எல்லாம் வெள்ளை படிகிறது. வாரா வாரம் ஆசிட் ஊற்றித் தேய்த்துக் கை போய்விட்டது. (வாசகி, மேடவாக்கம்)

பதில்: ஆசிட்டை இன்றே நிறுத்துங்கள். அது டைல்ஸ் இடுக்கில் உள்ள சிமென்ட்டை அரித்துவிடும். இடுக்கு சொரசொரப்பான பிறகு அழுக்கு இன்னும் ஆழமாக உட்காரும், நீங்களும் இன்னும் அதிகமாகத் தேய்க்க வேண்டியிருக்கும். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்த்துவிடாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், மூடிய பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து.

தண்ணீர் ஆவியாகும்போது அதில் கரைந்திருந்த சுண்ணாம்புச் சத்து பின்தங்குகிறது. அந்தப் படிவுதான் வெள்ளையாகத் தெரிவது. தண்ணீர் சுவரில் நின்று காயாவிட்டால் படிவும் இல்லை. கடைசியாகக் குளிப்பவர், தண்ணீரை வழிக்கும் ரப்பர் பட்டை வைத்த சிறு வைப்பரால் சுவரை மேலிருந்து கீழாக ஒரு முறை இழுத்துவிட்டு வெளியே வரட்டும். ஒரு நிமிட வேலை. ஏற்கெனவே படிந்ததற்கு, ஒரு லிட்டர் வெந்நீரில் 2 டேபிள்ஸ்பூன் சிட்ரிக் ஆசிட் தூள், அதாவது எலுமிச்சை உப்பு, கரைத்துத் தெளித்து 20 நிமிடம் ஊறவிட்டு நைலான் பிரஷ்ஷால் தேய்த்தால் வந்துவிடும். குழாய்க்கு அதே தண்ணீரில் நனைத்த துணியைச் சுற்றி வையுங்கள். மார்பிள் தரையில் மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், எலுமிச்சை உப்பும் மார்பிளின் பளபளப்பைத் தின்றுவிடும்.

கேள்வி: மனைவியும் வேலைக்குப் போகிறார். நான் வீட்டு வேலை செய்ய மனதார நினைக்கிறேன். ஆனால் நான் செய்ததை அவர் மறுபடி செய்கிறார். இருவர் நேரமும் வீண். (வாசகர், மதுரை)

பதில்: உங்கள் கடிதம் வந்தது மகிழ்ச்சி. 2024-இல் நடந்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக ஒரு நாளில் 289 நிமிடம் செலவிடுகிறார்கள். அதில் ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடம். இந்த இடைவெளி அப்படியே இருக்கும்வரை, ஒரு வீட்டில் நேரம் மிச்சமாவதற்கு வழி சொல்வதெல்லாம் அரைகுறைதான்.

‘உதவி’ செய்யாதீர்கள், ஒரு வேலையை முழுதாக எடுத்துக்கொள்ளுங்கள். இரவுப் பாத்திரம் உங்களுடையது என்றால், தேய்ப்பது மட்டும் வேலை இல்லை. எச்சில் தட்டை வழித்துக் குப்பையில் போடுவது, சோறு காய்ந்த பாத்திரத்தில் சாப்பிட்டதுமே தண்ணீர் ஊற்றுவது, பால் பாத்திரத்தை முதலில் பச்சைத் தண்ணீரில் அலசுவது (வெந்நீர் ஊற்றினால் பால் இன்னும் ஒட்டிக்கொள்ளும்), தேய்த்துக் கவிழ்ப்பது, சிங்க் சல்லடையில் தங்கிய பருக்கையைத் தட்டுவது, மேடையைத் துடைத்து அந்தத் துணியை அலசிக் காயப்போடுவது, பாத்திர சோப்பு தீரும் முன்பே வாங்கி வைப்பது வரை உங்கள் பொறுப்பு. உங்கள் மனைவி மறுபடி செய்வது பெரும்பாலும் இந்தக் கடைசி மூன்றாகத்தான் இருக்கும். ஒரு நாள் இருவரும் சேர்ந்து நின்று, ‘வேலை முடிந்தது என்றால் சிங்க் இப்படி இருக்க வேண்டும்’ என்று பேசி முடிவு செய்யுங்கள். அதற்குப் பிறகு அவர் அதில் கைவைக்கக் கூடாது, நீங்கள் விட்டுவைக்கவும் கூடாது. ‘இன்று பாத்திரம் தேய்க்கவா?’ என்று கேட்பதையும் நிறுத்துங்கள். நினைவு வைத்துக்கொள்வதும் ஒரு வேலை, அதுவும் இப்போது உங்களுடையது.

கேள்வி: மாதத்தில் இரண்டு முறை மளிகைக் கடைக்குப் போயும் ஏதோ ஒன்று தீர்ந்துபோய் நிற்கிறது. (வாசகி, ஓசூர்)

பதில்: தீர்ந்த பிறகு எழுதும் பட்டியல் எப்போதும் பிந்திவிடும். எண்ணெய், பருப்பு, புளி, உப்பு, மிளகாய்த்தூள், சோப்பு என்று தினமும் புழங்குபவற்றில் மட்டும், புழக்கத்தில் ஒன்று, இருப்பில் ஒன்று. இருப்பில் உள்ளதைப் பிரிக்கும் அன்றே பட்டியலில் எழுதிவிடுங்கள். பட்டியல் அலமாரிக் கதவின் உள்பக்கம், பென்சிலை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். ரவை, சேமியா, மைதாவுக்கு இருப்பு வேண்டாம், வண்டு வைத்துவிடும்.

கேள்வி: வண்டிச் சாவி, ஆர்.சி. புத்தகம், லைசென்ஸ். தினமும் தேடல்தான். (வாசகர், காரைக்குடி)

பதில்: ஆர்.சி.யையும் லைசென்ஸையும் அரசின் ஆவண ஆப்பான டிஜிலாக்கரில் ஏற்றிக்கொள்ளுங்கள், அதில் காட்டினாலே செல்லும். ஸ்கேன் செய்து நீங்களாக ஏற்றிய படம் செல்லாது, வண்டி எண்ணையும் லைசென்ஸ் எண்ணையும் கொடுத்து அரசுப் பதிவிலிருந்து வரவழைத்ததுதான் செல்லும். சாவிக்கு, கதவைத் திறந்ததும் வலது கை எட்டும் இடத்தில் ஓர் ஆணி. கூடத்து ஷோகேஸ் மேல் அழகான பெட்டி வைத்தால் அதுவரை நடந்துபோக மாட்டீர்கள், சாவி மறுபடி சட்டைப்பையோடு வாஷிங் மெஷினுக்குள்தான் போகும்.